போர்க்களத்தைத் தேட ஒரு பிளாட்டர் கடை: ஆண்டர்சன் தெரு சந்தும் 1014-இன் க்ளாண்டார்ஃபும்

ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஃபிலிம் வரைபடம் அடிக்க வடசென்னையில் கடை தேடினால், ஆண்டர்சன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடிப்படி ஏற வேண்டும். போர்டில் கடைக்குப் பெயரே இல்லை; ‘ஜெராக்ஸ், லேமினேஷன், பிளாட்டர்’ என்று மூன்றே வார்த்தை. (பிளாட்டர் என்றால் பெரிய தாளில் வரைபடம் அடிக்கிற மெஷின்.) இரண்டு பக்கமும் கல்யாணப் பத்திரிகைக் கடை என்பதால் முதல் தடவை தாண்டிப் போய்விடுவது சகஜம். வழக்கமாக வருகிறவர்கள் வீட்டுப் பிளான் அடிக்கிற சிவில் ஆட்கள். அதனால் ஃபிலிம், பட்டர் பேப்பர், அளவு மாறாத பிரின்ட் எல்லாம் அங்கே புதிதில்லை. ஃபிலிம் வேலையில் கை சுத்தம். அளவு விஷயத்தில் மட்டும் கூடவே நிற்க வேண்டும்.

இந்த விமர்சனம் ஒரே ஒரு வேலையை வைத்துத்தான். 1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளிக்கிழமை அன்று அயர்லாந்தின் டப்ளின் பக்கத்தில் நடந்த க்ளாண்டார்ஃப் போர் சரியாக எந்த மண்ணில் நடந்தது என்று பார்க்க, இன்றைய ஊரைக் காட்டும் ஒரு அடித்தாளும் அதன்மேல் போட மூன்று ஃபிலிமும். நம் பக்கத்தில் ராஜராஜன் மறைந்து ராஜேந்திரன் அரியணை ஏறிய அதே ஆண்டு.

வைக்கிங்குகளும் ஐரிஷ்காரர்களும் மோதிய போர் என்று ஒரு வரியில் சொல்வார்கள். அந்த வரி பாதிதான் சரி. ஒரு பக்கம் அயர்லாந்தின் பேரரசர் பிரையன் போரு. எதிரே டப்ளினின் வைக்கிங் அரசர் சிட்ரிக்கின் ஆட்கள், ஆர்க்னித் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த சிகர்ட், மேன் தீவின் புரோதிர், கூடவே லைன்ஸ்டர் அரசர் மேல் மோர்தாவின் அசல் ஐரிஷ் படை. சிட்ரிக் பிரையனின் மகளைக் கட்டியவர். களத்தில் இறங்காமல் ஊருக்குள்ளேயே இருந்துவிட்டார். பிரையன் கொல்லப்பட்டார், ஆனாலும் அவர் பக்கம் ஜெயித்தது. யார், என்றைக்கு என்பதில் குழப்பம் இல்லை. எங்கே என்பதில்தான்.

டப்ளினில் இன்றும் க்ளாண்டார்ஃப் என்று ஓர் இடம் இருக்கிறதே என்று கேட்பவர்கள், இந்தக் கடைக்கு ரயிலில் வந்தால் இறங்குகிற ஸ்டேஷனை நினைத்துப் பார்க்கலாம். பீச் ஸ்டேஷன் என்று பெயர். வெளியே வந்தால் ராஜாஜி சாலை, எதிரே துறைமுகச் சுவர். மணலைத் தேடினாலும் கிடைக்காது. கடல் நகர்ந்துவிட்டது, பெயர் அங்கேயே நின்றுவிட்டது. 1870களில் துறைமுகத்துக்குச் சுவர் கட்ட ஆரம்பித்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்ததும் வடசென்னைக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. டப்ளின் குடாவிலும் இதே கதை. 1820களில் வடக்கு ‘புல்’ (Bull) சுவர் கட்டி முடித்தபின், அதன் ஓரம் மணல் சேர்ந்து சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவே முளைத்தது. இன்று க்ளாண்டார்ஃப் கரையில் நின்றால் எதிரே தெரிகிற புல் தீவு அதுதான். 1014-இல் அது கிடையாது. அந்தக் கரையும் இன்று இருக்கிற இடத்தில் கிடையாது.

இன்றைய வரைபடத்தில் விரல் வைத்துப் போர்க்களம் தேடுவது வீண் என்பதும், பழைய கரையைத் தனித் தாளில் அடித்து மேலே போட வேண்டும் என்பதும் அதனால்தான்.

அளவு: இங்கேதான் கெடும்

மேற்கே கில்மெய்ன்ஹம் முதல் கிழக்கே க்ளாண்டார்ஃப் கோட்டையைத் தாண்டி வரை 8 கி.மீ.; வடக்கு தெற்காக ஐந்தரை கி.மீ. இதை 1:10,000 அளவில் போட்டால் 80-க்கு 55 செ.மீ. ஏ1 தாள் 84.1-க்கு 59.4. சுற்றிலும் ஓரம் விட்டுக் கச்சிதமாக உட்காரும். தாளில் 1 செ.மீ. தரையில் 100 மீட்டர், மனக்கணக்குக்கும் லேசு. புல் தீவு கிழக்கே தாளுக்கு வெளியே போய்விடும். அதையும் உள்ளே இழுக்க ஆசைப்பட்டு 1:15,000 ஆக்கிவிடாதீர்கள். அன்றைக்கு இல்லாத தீவுக்காக மற்றதையெல்லாம் சுருக்கிய கதையாகும்.

கடையில் இரண்டு ரோல் இருக்கிறது, 24 அங்குலமும் 36 அங்குலமும். காசு ரோலின் சதுர அடிக் கணக்கில். 24 அங்குலத்தில் ஒரு ஏ1 ஐந்தரைச் சதுர அடி. 36-இல் தாளை அகலவாக்கில் திருப்பிப் போட்டால் ஐந்தே முக்கால் சொச்சம். திருப்பாமல் அப்படியே அடித்தால் எட்டேகால் ஆகிவிடும், வெட்டிக் கீழே போடுகிற மிச்சத்துக்கும் நாம்தான் கொடுக்கிறோம். எந்த ரோல் மாட்டியிருக்கிறது என்று ஃபைல் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து கவுன்டரில் வருகிற கேள்வி. “பேப்பருக்கு ஃபிட் பண்ணிடட்டா சார்?” பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டால் அவ்வளவுதான். “வேணாம்ணே, ஆக்சுவல் சைஸ், நூறு பர்சன்ட்” என்று சொல்லி, திரையில் நூறு என்று நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட வேண்டும். ஃபிட் போட்டால் பிளாட்டர் தன் ஓரத்தைக் கழித்துக்கொண்டு படத்தைச் சுருக்கும். மூன்று சதவீதம் சுருங்கினாலும் 80 செ.மீ.-க்கு 2.4 செ.மீ., தரையில் 240 மீட்டர். போர்க்களம் டோல்கா ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்கிற வேலையில் 240 மீட்டர் தவறினால் விடையே மாறிவிடும். ஒவ்வொரு தாளிலும் மூலையில் 10 செ.மீ. கோடு ஒன்று படுக்கவும் ஒன்று நிற்கவும் வரைந்து வையுங்கள். கடையில் ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறது. காசு கொடுக்கும் முன் அளந்து பார்க்கலாம், முகம் சுளிப்பதில்லை. இரண்டு கோட்டையும் அளப்பது முக்கியம். ரோல் இழுபடுகிற திசையில் மட்டும் அரை மில்லிமீட்டர் நீள்வது உண்டு.

கடைக்குச் சம்பந்தமில்லாத, வீட்டிலேயே நடக்கிற தப்பு ஒன்று இதைவிடப் பெரிது. வரைபடம் செய்கிற கியூஜிஐஎஸ் மென்பொருளில், இணையத்தில் கிடைக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தாளாக இழுத்தால் அது வெப் மெர்கேட்டர் கணக்கில் வரும். அந்தக் கணக்கு பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக எல்லாவற்றையும் ஊதிக் காட்டும். சென்னை 13 பாகையில் இருப்பதால் இங்கே பிழை மூன்று சதவீதத்துக்கும் குறைவு. தண்டையார்பேட்டை வரைபடம் அடித்துப் பழகியவர் கண்ணுக்குப் படவே படாது. டப்ளின் 53 பாகைக்கும் மேலே. அங்கே ஊதல் 1.67 மடங்கு. 1:10,000 என்று எழுதி அடித்தால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 1:6,000. தாளில் பாதி ஊர் காணாமல் போயிருக்கும். அடிக்கும் முன் அயர்லாந்துக்கென்றே வகுத்த ஐரிஷ் டிரான்ஸ்வெர்ஸ் மெர்கேட்டர் கணக்குக்கு மாற்றுங்கள், குறியீட்டு எண் 2157. மாற்றியது சரியா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி: க்ரைஸ்ட் சர்ச் பேராலயத்திலிருந்து க்ளாண்டார்ஃப் கோட்டைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 4.9 கி.மீ. தாளில் 49 செ.மீ. வர வேண்டும், 80 வந்தால் மாறவில்லை. பாரிமுனையிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போகிற தூரம்தான் கிட்டத்தட்ட அதுவும். ஊர் வாசலில் நடந்த போர் என்பது அந்த ஒப்பீட்டிலேயே புரிந்துவிடும்.

அடித்தாள்

80 ஜிஎஸ்எம் பாண்ட் பேப்பர் போதும். இன்றைய தெருக்கள் முப்பது சதவீதச் சாம்பலில் இருக்கட்டும், மேலே வரும் கோடுகள்தான் பேச வேண்டும். இந்தக் கடையின் பிளாட்டர் சாம்பலை எல்லா மையும் கலந்து அடிப்பதால் லேசாகப் பச்சை பாயும். ‘கறுப்பு மை மட்டும்’ என்று சொன்னால் சரியாகிவிடும். சொல்லாவிட்டால் அவர்களாகப் போடுவதில்லை.

எழுத்தை எல்லாம் அவுட்லைன் (எழுத்துருவாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிட்டுத்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும். கடைக் கணினியில் ஐரிஷ் பெயர்களின் மேற்கோடு போட்ட எழுத்துக்கள் கட்டம் கட்டமாக வரும். அதாவது பரவாயில்லை. தமிழ் இன்னும் மோசம்: கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து, ‘போர்’ என்பதில் புள்ளி வட்டம் ஒன்று நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஃபைலைப் பென்டிரைவில் கொடுங்கள். வாட்ஸாப் என்றால் டாக்குமென்டாக. ஏ1-க்கு 300 டிபிஐ என்பது 9,933-க்கு 7,016 புள்ளி; படமாக அனுப்பினால் வாட்ஸாப் அதைப் பிழிந்துவிடும், தெருப் பெயர் எதுவும் படிக்க வராது.

முதல் ஃபிலிம்: பழைய கரை

இந்த வேலையின் உயிர் இந்தத் தாளில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆதாரம் மூன்று. டி கோம் 1673-இல் வரைந்த டப்ளின் வரைபடம், ராக் 1756-இல் வெளியிட்ட நகர அளவை, 1830களின் கடைசியில் ராணுவ அளவைத் துறை தயாரித்த ஆறு அங்குல வரைபடம். கடைசியது மட்டும்தான் இன்றைய பொருளில் அளந்தது. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்றால் 1:10,560. நம் தாளின் அளவுக்குக் கொண்டுவர 105.6 சதவீதம் பெரிதாக்க வேண்டும். 105 என்று ரவுண்டு பண்ணினால் தாளின் கிழக்கு ஓரத்தில் 40 மீட்டருக்கு மேல் விலகும்.

மற்ற இரண்டையும் சும்மா பெரிதாக்கினால் போதாது, இழுத்துப் பொருத்த வேண்டும். எல்லா வரைபடத்திலும் இருக்கிற, இன்றும் நிற்கிற கட்டடங்கள் ஆணிப் புள்ளிகள்: க்ரைஸ்ட் சர்ச், செயின்ட் பேட்ரிக் பேராலயம், டப்ளின் கோட்டையின் பழைய கோபுரம், லிஃபி ஆற்றுக்கு வடக்கே செயின்ட் மிக்கன் தேவாலயம். பொருத்தியதும் நகரம் பிசகில்லாமல் உட்காரும். சந்தோஷப்பட வேண்டாம். ஆணி நாலும் மேற்கே, ஊருக்குள் இருக்கிறது. நம் கேள்வி இருப்பது கிழக்கே, கடலோரத்தில். ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்த துணி மறுபக்கம் காற்றில் ஆடுவதுபோல, 1673-இன் கரைக்கோடு கிழக்கே போகப் போகத் தள்ளாடும். ஆகவே அதை ஒற்றைக் கோடாக வரையாமல், 4 மி.மீ. அகலப் பட்டையாகப் போடுவதே நேர்மை. ராக்கின் கரைக்கோடு மெல்லிய நீலத்தில், ஆறு அங்குலத்தினுடையது அடர் நீலத்தில். 0.25 மி.மீ.-க்குக் கீழே கோடு வைக்காதீர்கள், ஃபிலிமில் விட்டு விட்டு விழும்.

இந்தத் தாளை அடித்தாள்மேல் போட்டதும் தெரிவது: இன்றைய ஈஸ்ட் வால், நார்த் வால் பகுதி முழுக்க நீருக்குள். 1717-இல் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டு, பிறகு மீட்டெடுத்த நிலம் அது. ‘நார்த் லாட்ஸ்’ என்ற பெயரே அந்தக் குலுக்கலில் வந்தது. டோல்கா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இன்று இருக்கிற ஃபேர்வியூ பூங்கா, 20-ஆம் நூற்றாண்டில் குப்பை கொட்டித் தூர்த்த சேற்று நிலம். கொடுங்கையூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அமியன்ஸ் தெரு, நார்த் ஸ்டிராண்ட் வழியாகத்தான் பழைய கரை ஓடுகிறது. ஸ்டிராண்ட் என்றாலே கடற்கரை. நம் பீச் ஸ்டேஷன் மாதிரி இதுவும் கடல் போனபின் மிஞ்சிய பெயர்.

தரையில் நின்று போர் செய்ய இடம் என்று பார்த்தால், லிஃபிக்கும் டோல்காவுக்கும் நடுவே ஒரு மேட்டு நிலம், டோல்காவுக்கு அப்பால் க்ளாண்டார்ஃபின் கரையோர நிலம். இரண்டுக்கும் நடுவில் ஏற்றத்தில் நிறைந்து வற்றத்தில் சேறாகும் டோல்கா முகத்துவாரம்.

ஃபிலிமைப் பற்றி இரண்டு வார்த்தை. மிச்சம் பிடிக்கலாம் என்று பட்டர் பேப்பரில் அடிக்காதீர்கள். மை ஈரத்தில் அது நெளியும், ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் இன்னும் விரியும். ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவே பொருந்தாது. பாலியஸ்டர் ஃபிலிம், 75 அல்லது 100 மைக்ரான். அதற்கு ஒரு பக்கம்தான் மை பிடிக்கும் பூச்சு. விரல் நுனியை ஈரமாக்கி மூலையில் தொட்டால் பிசுபிசுப்பது பூச்சுப் பக்கம். மெஷின் ஓட்டுகிற பையன் சொல்லாமலே இதைச் செய்கிறான். மறுபக்கம் அடித்துவிட்டு மை வழிந்த தாளை நம் தலையில் கட்டுகிற வேலை இங்கே இல்லை. அடித்ததும் சுருட்டித் தராமல் கொடிக் கம்பியில் க்ளிப் போட்டுக் காயவிடுகிறார்கள். மழை நாளில் அரை மணி நேரம் கூடுதலாகும். அவசரப்படுத்தினால் நஷ்டம் நமக்கு.

லேமினேஷனும் செய்து தரட்டுமா என்று நிச்சயம் கேட்பார்கள். வேண்டாம். சூடு பட்டால் ஃபிலிம் வளையும், பொருத்தம் போய்விடும்.

இரண்டாம் ஃபிலிம்: ஏற்றமும் வற்றமும்

‘கோகா’ என்று சுருக்கிச் சொல்லப்படும் ஐரிஷ் போர்க்கதை 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரையனின் கொள்ளுப்பேரன் ஆட்சியில், குடும்பப் பெருமை பேச எழுதியது. விடியலில் கடல் ஏறியிருந்தது, நாள் முழுக்கச் சண்டை, மாலையில் மறுபடி ஏறிய நீர் கப்பலை அடித்துக்கொண்டு போய், ஓடியவர்களையும் மடக்கியது என்கிறது. 1860களில் அந்த நூலைப் பதிப்பித்த டாட், டிரினிட்டி கல்லூரியின் சாமுவேல் ஹாட்டனிடம் அந்த நாளின் ஏற்ற நேரத்தைக் கணக்குப் போடச் சொன்னார். வந்த விடை காலை 5:30, மாலை 5:55. கதையோடு ஒட்டியது. இடைவெளி 12 மணி 25 நிமிடம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அதுவே.

இதை வைத்து இடமும் உறுதியாகிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. குடாவின் வடகரை முழுக்க ஏற்றம் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். க்ளாண்டார்ஃப் கரையில் நின்றாலும் டோல்கா முகத்தில் நின்றாலும் லிஃபி வாயில் நின்றாலும் 5:55, 5:55 தான். ஹாட்டனின் கணக்கு சொல்வது நேரத்தை. இடத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

அன்றைக்கு அசாத்திய ஏற்றம் என்று சொல்வதும் தப்பு. டப்ளினில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய பெரிய ஏற்றம் நண்பகலும் நள்ளிரவும் ஒட்டி வரும். ஐந்தரை ஆறு மணிக்கு வருகிற ஏற்றம் பிறை பாதியாகும் சமயத்துச் சின்ன ஏற்றம். நிலாக் கணக்கும் ஒத்துப்போகிறது: 1014 ஏப்ரல் 23 அன்று பௌர்ணமி கழிந்து ஆறு நாள், தேய்பிறை சப்தமி வாக்கில். காசிமேட்டில் வலை ஏற்றுகிறவர் யாரைக் கேட்டாலும் அஷ்டமி பக்கத்தில் நீர் மந்தம் என்றுதான் சொல்வார். ஆனால் நம் ஊர் மந்தத்தை வைத்து அங்கே எடை போடக்கூடாது. சென்னையில் பெரிய ஏற்றத்துக்கே நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவு. டப்ளினில் பெரிய ஏற்றத்துக்கு மூன்றரை மீட்டருக்குப் பக்கம், சின்னதுக்கே இரண்டு மீட்டருக்குப் பக்கம். ஆளை மூழ்கடிக்க அது தாராளம். போரில் பிரையனின் பேரன் துர்தெல்வாக் மீன் அடைப்பின் அருகே, எதிரியின் தலைமுடியைப் பிடித்தபடி மூழ்கிச் செத்தான் என்று ‘கோகா’ சொல்வது சின்ன ஏற்றத்திலும் நடக்கக்கூடியதே.

தாளில் இதை எப்படிப் போடுவது? இரண்டு கோடு. பெரிய ஏற்றத்தின் எல்லை ராக்கின் கரைக்கோடு. சின்ன ஏற்றத்தின் எல்லை அதிலிருந்து கடல் பக்கம் தள்ளி. மட்டத்தில் வித்தியாசம் 70 செ.மீ. அளவு. சேற்றுத் தரையின் சரிவு 500-க்கு 1 என்று வைத்தால் அது 350 மீட்டர், தாளில் மூன்றரை செ.மீ. சரிவு 200-க்கு 1 என்றால் வெறும் 1.4 செ.மீ. இந்த இரண்டு ஏற்ற எல்லைக்கும் நடுவில் கோடிழைகளால் நிரப்புங்கள். நிரப்பியதில் 45 பாகைச் சாய்கோடு நன்றாக வருகிறது. புள்ளி புள்ளியாகக் கொடுத்தால் பிளாட்டர் அப்பிவிடுகிறது.

மூன்றாம் ஃபிலிம்: சொற்கள்

சிவப்பில் அடிக்க வேண்டியது இது. எழுத்தில் உள்ள இடச்சொற்களை மட்டும் வையுங்கள். வழிகாட்டிப் பலகையில் உள்ளதை வைக்காதீர்கள். காசல் அவென்யூவில் பிரையன் போரு கிணறு என்று ஒன்று காட்டுவார்கள். அழகாக இருக்கிறது, சான்று ஆகாது.

அயர்லாந்தின் பழைய வரலாற்றேடான அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு, படை ஆத் க்ளியாவுக்கு, அதாவது டப்ளினுக்கு, வந்தது என்கிறது. ஐஸ்லாந்துக் கதை மரபு ‘பிரையனின் போர்’ என்று ஆளை வைத்தே அழைக்கிறது. இடத்தை நெருங்கிச் சொல்வது ‘கோகா’. அதில் வருபவை க்ளாண்டார்ஃபின் மீன் அடைப்பு, துவ்கலின் பாலம், தோமரின் காடு, பிரையன் பின்னால் தங்கியிருந்த டப்ளின் வெளித்திடல்.

மீன் அடைப்பு என்பது ஆற்றுக்குக் குறுக்கே கழி நட்டு, ஏற்றத்தோடு வந்த மீன் வற்றத்தில் திரும்பாமல் மடக்குவது. அதை ஊர் நடுவே கட்டமாட்டார்கள், முகத்துவாரத்தில் கட்டுவார்கள். டோல்காவில் அதற்கு வாகான இடம் பாலிபோ பாலத்தைச் சுற்றி. உள்ளூர்க்காரர் வாயில் அது ‘பாலிபாக்’. அங்கேதான் அடைப்பு என்றால், ‘க்ளாண்டார்ஃப்’ என்பது போர் நடந்த ஊரின் பெயர் இல்லை. ஓடியவர்கள் செத்துக் கிடந்த அடைப்பின் பெயர். சண்டை ஆற்றுக்கு இந்தப் பக்கம், லிஃபிக்கும் டோல்காவுக்கும் நடுவில் நடந்து, முடிவு மட்டும் அடைப்பில் என்றாகிறது. டப்ளின் கோட்டையிலிருந்து பாலிபோ பாலம் மூன்று கிலோமீட்டருக்குள். மதிலில் நின்று பார்த்தால் தெரிகிற தூரம்.

துவ்கலின் பாலத்தை லிஃபியில் பழைய ஆற்றுத்துறைப் பக்கம், இன்றைய ஃபாதர் மேத்யூ பாலத்தருகே வைத்தால், பாலிபோவிலிருந்து தாளில் 30 செ.மீ. தள்ளிப் போகிறது. கடல் ஏறி, ஓடியவர்களுக்கும் அந்தப் பாலத்துக்கும் நடுவில் புகுந்தது என்றால் நார்த் ஸ்டிராண்ட் பக்கத்துத் தாழ்வெல்லாம் நனைந்திருக்க வேண்டும். இரண்டாம் ஃபிலிமின் கோடிழைகளை அங்கே பாருங்கள், சின்ன ஏற்றத்துக்கு அது கஷ்டம். பாலத்தை டோல்காமேல் வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் ஒடுங்கிச் சுலபமாகிவிடுகிறது. சுலபமாக இருப்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது. இரண்டு இடத்திலும் புள்ளி போடுங்கள், ஒன்றை நிரப்பியும் மற்றதை வெறும் வட்டமாகவும். தோமரின் காடு லிஃபிக்கு வடக்கே. எல்லை தெரியாது, அதனால் பெயரை மட்டும் கோடில்லாமல் பரவலாக எழுதுங்கள்.

இன்னொரு சின்னச் சாமான், கடையில் மிச்சம் விழும் ஃபிலிமில் வெட்டிக்கொள்ளலாம்: 10 செ.மீ. பட்டை. அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு கடல் தாண்டி வந்தவர்களிடம் ஆயிரம் கவசம் என்கிறது. ஆளுக்கு ஒரு மீட்டர் விட்டு ஒற்றை வரிசை என்றால் 1 கி.மீ., இந்தப் பட்டையின் நீளம். அதைத் தாளில் நகர்த்திப் பாருங்கள். டோல்காவுக்கும் லிஃபிக்கும் நடு மேட்டில் எந்தக் கோணத்திலும் கிடக்கும். க்ளாண்டார்ஃப் கரையோரத்தில் கடலுக்கு இணையாக மட்டும்தான் கிடக்கும், பின்வாங்க இடமில்லாமல். மூன்று தாளையும் போட்ட பிறகு எங்கள் சாய்வு நடு மேட்டின் கிழக்குச் சரிவுக்கு. ஆனால் இன்றுவரை இதுதான் களம் என்று சொல்ல எலும்புக் குவியலோ ஆயுதக் குவியலோ தோண்டி எடுக்கப்படவில்லை. கில்மெய்ன்ஹம், ஐலண்ட்பிரிட்ஜ் பக்கம் கிடைத்த வைக்கிங் கல்லறைகள் இதற்கு முந்தைய காலத்தவை. அவற்றைத் தூக்கி இங்கே வைக்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஃபிலிம் மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். மேட் ஃபிலிம் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் தின்னும். நாலாவது போட்டால் அடித்தாள் பால் ஊற்றியதுபோல் மங்கிவிடும். கண்ணாடி மேஜைக்குக் கீழே ஒரு ட்யூப்லைட் இருந்தால் அருமை. பொருத்த நாலு மூலையிலும் கூட்டல் குறி அடித்திருக்க வேண்டும், அதன் நடுவில் குண்டூசி.

கடையைப் பற்றி மிச்சம் கொஞ்சம். ஞாயிறு பூட்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள், தெருவே பத்திரிகை பண்டலில் மூழ்கியிருக்கும், பிளாட்டர் ஆளையும் கட்டிங் மெஷினுக்கு இழுத்துவிடுவார்கள். வண்டி நிறுத்த இடம் சுத்தமாக இல்லை. மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடப்பது உத்தமம். அட்டை டியூப் கேட்டு வாங்குங்கள், 60 செ.மீ.-க்கு மேல் நீளம் உள்ளதாக. ஃபிலிமை மை பட்ட பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும், நடுவில் வெள்ளைத் தாள் ஒன்று வைத்து. டெலிவரி நேரம் சொன்னபடி கிடைக்காது, ஒரு மணி நேரம் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மறுபடி அடிக்க நேர்வது பெரும்பாலும் மூன்றாம் ஃபிலிம் மட்டும்தான். கரையும் ஏற்றமும் அப்படியே இருக்கும், துவ்கலின் பாலம்தான் இடம் மாறும். அதனால் ஃபைல் பெயரில் தேதியைப் போட்டுக் கொடுங்கள். கடைக் கணினியில் ஏற்கெனவே ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லாஸ்ட் ஃபைனல்’ என்று யார் யாரோ கொடுத்த வீட்டுப் பிளான் வரிசையாக நிற்கிறது.